அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் தரமும் மேம்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தெட்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு பெற்றோர் கூட்டங்களுக்கு அழைக்கும்போதெல்லாம் போய்ப் பேசி வருகிறேன். அங்கே பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயது முதல் பதினேழு, பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் பள்ளியையே உயர்நிலைப் பள்ளி என்று குறிப்பிடுகிறேன்.

ஒரு பள்ளி நல்ல பள்ளி என்று எதை வைத்துச் சொல்வது?

உள்ளே வரும்போது ஒரு மாணவர் எந்த நிலையில் இருந்தார், வெளியே போகும்போது எந்த நிலையில் இருக்கிறார் என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே பள்ளி செய்த வேலை. நுழைவுத் தேர்வு வைத்து, ஏற்கெனவே எண்பது மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்களை எண்பத்தைந்தில் வெளியே அனுப்பும் பள்ளியையும், சுற்றுவட்டாரத்தில் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டு, முப்பத்தைந்தில் இருந்த பிள்ளையை அறுபத்தைந்துக்குக் கொண்டுபோகும் பள்ளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரப் பலகையில் முதல் பள்ளிதான் மின்னும். ஆனால் கற்பித்தல் அதிகம் நடந்தது இரண்டாவது பள்ளியில். இதற்குப் பிறகு நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கணக்குதான் அடிப்படை.

தேர்ச்சி விகிதம் நூறு என்று போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது. நாற்பது பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரே ஒரு மாணவர் தேர்ச்சி பெறுவதும் தவறுவதும் இரண்டரை விழுக்காட்டை ஏற்றி இறக்கிவிடும். எனவே சிறிய பள்ளியில் ஓர் ஆண்டு எண் உயர்ந்ததையோ சரிந்ததையோ வைத்து முடிவுக்கு வருவது நியாயமில்லை. குறைந்தது நான்கைந்து ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. பின்தங்கும் மாணவரைக் கடைசி ஆண்டுக்கு முன்பே வேறு பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டால், கற்பித்தலில் ஒரு மாற்றமும் செய்யாமலே விகிதம் ஏறிவிடும். ஆகவே பள்ளியிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இறுதித் தேர்வெழுதினார்கள், மீதிப் பேர் எங்கே போனார்கள். மூன்றாவது எண்ணைத் தயங்காமல் சொல்லும் பள்ளியை நான் மதிக்கிறேன்.

ஓர் எண்ணை இலக்காக வைத்து, பதவியையும் ஊதியத்தையும் அதோடு கட்டிவிட்டால், மனிதர்கள் வேலையைச் சரிசெய்வதை விட்டுவிட்டு எண்ணைச் சரிசெய்யத் தொடங்குவார்கள் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளைப் பற்றி 2011இல் வெளியான மாநில விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் தேர்வு முறைகேடு நடந்ததாகக் கூறியது. மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்த இழப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: உதவி தேவை என்பதைக் காட்டியிருக்க வேண்டிய விடைத்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிட்டது.

எல்லாம் குடும்பப் பின்னணியைப் பொறுத்ததுதானே? பள்ளியால் உண்மையில் என்ன செய்துவிட முடியும்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், சுமார் 4,000 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு 1966இல் வெளிவந்தது. மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் பெரும்பங்கைக் குடும்பப் பின்னணியே விளக்குகிறது, பள்ளிகளுக்கு இடையிலான வசதி வேறுபாடுகள் சிறு பங்கையே விளக்குகின்றன என்று அது கூறியது. அதைப் படித்த பலரும் பள்ளியால் பயனில்லை என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் லண்டன் நகரின் உட்பகுதியில் இருந்த 12 உயர்நிலைப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 1979இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான பின்னணி கொண்ட பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிகளுக்கு இடையிலேயே தேர்வு முடிவு, வருகை, நடத்தை ஆகியவற்றில் பெரிய வேறுபாடுகள் இருந்தன. கட்டடத்தின் வயதோ பள்ளியின் அளவோ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பாடவேளை நேரத்துக்குத் தொடங்குவது, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துவது, நல்ல வேலையைப் பாராட்டுவது, மாணவர்களிடம் பொறுப்புகளை ஒப்படைப்பது, ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒத்த நடைமுறையைப் பின்பற்றுவது போன்ற அன்றாடச் செயல்களே நல்ல முடிவுகளோடு சேர்ந்து வந்தன. குடும்பத்தின் செல்வாக்கு பெரிது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது பெரிது என்பதால் பள்ளியின் பங்கு பூஜ்யமாகிவிடாது. அந்தப் பங்கில் பெரும்பகுதி பணத்தால் வாங்கக்கூடியதும் அல்ல.

பள்ளிக்கு ஒரே ஒரு முறை போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

கோப்பைகள் அடுக்கிய அலமாரியைத் தாண்டிப் போங்கள். மணி அடித்த பிறகு எத்தனை நிமிடத்தில் வகுப்புக்குள் பாடம் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் ஐந்து நிமிடம் வீணானால், ஒரு நாளுக்கு எட்டுப் பாடவேளை என்ற கணக்கில் நாற்பது நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் பாடவேளையே காணாமல் போகிறது. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுத் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் நாட்களில் அவர்கள் பள்ளிக்கு வருவதும் வராததும் அந்தத் தாழ்ப்பாளைப் பொறுத்ததாக இருக்கலாம். நூலகத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசியாக எப்போது அதை ஒருவர் இரவல் வாங்கினார் என்று தேதியைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைப் பாருங்கள். ஒருமுறை ஒரு பள்ளியில் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கணித நோட்டைப் புரட்டினேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான்; மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறான். பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஆசிரியரின் சுருக்கொப்பம், தேதி. அடுத்த பக்கத்திலும் அதே பிழை, அதே கோடு, அதே சுருக்கொப்பம். பதினொரு பக்கங்கள் இப்படியே போயின. அந்த நோட்டு "திருத்தப்பட்ட நோட்டு" என்றே பதிவேட்டில் இருந்தது.

அதே வாரம் வேறொரு பள்ளியில் அதே பிழையைச் செய்திருந்த ஒரு சிறுமியின் நோட்டையும் பார்த்தேன். ஆசிரியர் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "2/5 என்பது 1/2ஐ விடச் சிறியது. கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது?" கீழே அந்தச் சிறுமி இரண்டு செவ்வகங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் ஆறு கட்டங்களாகப் பிரித்து, மூன்றையும் இரண்டையும் நிழலிட்டு, 5/6 என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிழை அவளுடைய நோட்டில் வரவே இல்லை. பள்ளியின் தரம் என்று நான் சொல்வது இந்த இரண்டு நோட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான்.

வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

உதவும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய சோதனையில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளிலும் சேர்த்தார்கள். சிறு வகுப்பில் இருந்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அது பள்ளி வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளில் இருக்கும் சிறு குழந்தைகளிடம் நடந்த சோதனை. அதை அப்படியே உயர்நிலை வகுப்புகளுக்குப் பொருத்த முடியாது. கலிபோர்னியா 1996இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளை அவசரமாகச் சுருக்கியபோது, புதிய வகுப்புகளுக்குத் தகுதியான ஆசிரியர்கள் போதவில்லை. நாற்பது பேரை இருபதாகக் குறைத்தும் ஆசிரியர் பழையபடி கரும்பலகையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தால், இருபது பேர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறுபது, எழுபது பேர் நெருக்கி உட்காரும் வகுப்பாக இருந்தால் மட்டும், வேறு எதையும் பேசுவதற்கு முன் அதைக் குறைக்கச் சொல்லிப் போராடுங்கள். அந்த எண்ணிக்கையில் எந்த ஆசிரியராலும் நோட்டுகளைப் படித்துப் பார்க்க முடியாது.

நல்ல கற்பித்தல் என்பதை வெளியாள் ஒருவர் எப்படி அடையாளம் காண்பது?

ஆசிரியரின் குரல் வளத்தையோ நகைச்சுவையையோ பார்க்காதீர்கள். அவர் ஒரு கேள்வி கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டறிந்தார். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரிடம் தாவுகிறார்கள், அல்லது பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காத்திருப்பை மூன்று நொடிக்கும் மேலாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

இதை நானும் பழகிப் பார்த்தவன். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நாற்பது பிள்ளைகளின் முன்னால் நிற்கும்போது அது அவ்வளவு நீளமாகத் தெரியும். ஆரம்பத்தில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். மூன்றாவது வாரத்தில், கடைசி வரிசையில் அமர்ந்து அதுவரை ஒரு முறைகூடக் கை தூக்காத ஒரு பெண், "ஐயா, அந்த ரெண்டாவது வரி எனக்குப் புரியல" என்று எழுந்து சொன்னாள். அந்த ஆண்டு முழுவதும் அவளுக்குப் புரியாமலிருந்த வரிகள் எத்தனையோ என்று அன்றிரவு நினைத்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். கை தூக்குபவர்களிடம் மட்டும் கேட்டால், வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டதாக ஆசிரியர் ஏமாந்துபோவார். ஒவ்வொரு மாணவரும் விடையைச் சிறு பலகையிலோ தாளிலோ எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும்படி செய்பவர், யாருக்கு எது புரியவில்லை என்பதை அரை நிமிடத்தில் தெரிந்துகொள்கிறார். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்கிறார்.

விடைத்தாளில் மதிப்பெண் போட்டால் போதாதா? குறிப்பு எழுத நேரம் எங்கே இருக்கிறது?

இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டையும் கொடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் ஆர்வம் குறையாமல் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்து மாணவரின் தாளைத்தான் பார்க்கிறது, குறிப்பைப் படிப்பதில்லை.

நேரம் இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் எல்லா நோட்டுகளையும் எல்லா நாளும் திருத்தச் சொல்லும் சுற்றறிக்கைகளை நான் எதிர்த்து வந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதில் பிள்ளையைச் சிந்திக்க வைக்கும் ஒரு கேள்வியை எழுதி, அதற்குப் பதில் எழுத வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அடிக்கடி தேர்வு வைப்பது நல்லதா, கெட்டதா?

எதற்காக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். எனவே பாடவேளையின் தொடக்கத்தில், போன வாரமும் போன மாதமும் நடத்தியவற்றிலிருந்து நான்கு சிறு கேள்விகளைக் கேட்டு, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாமல், விடைகளை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் மிகவும் பயனுள்ளது. கடைசி ஆறு மாதம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பழைய வினாத்தாள்களை வரிசையாக எழுதவைப்பது வேறு விஷயம். அதில் பிள்ளை களைத்துப்போவதுதான் மிச்சம்.

வாசிக்கவே திணறும் பிள்ளை உயர்நிலை வகுப்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

இதுதான் பெரும்பாலான பள்ளிகள் பேச விரும்பாத கேள்வி. உயர்நிலைப் பாட ஆசிரியர் தம்மை அறிவியல் ஆசிரியராகவோ வரலாற்று ஆசிரியராகவோதான் நினைக்கிறார். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை என்று கருதுகிறார். இதற்கிடையில், ஒரு பத்தியைப் படித்து முடிக்க நான்கு நிமிடம் எடுக்கும் பிள்ளை எல்லாப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது. கணிதத்தில் பலவீனம் என்று என்னிடம் அனுப்பப்பட்ட பல பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. கணக்கைச் சொல்லும் வாக்கியம்தான் புரியவில்லை.

சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, அறிமுகமில்லாத ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன படித்தாய் என்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தடுமாறுபவர்களை மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, வாரத்தில் நான்கைந்து முறை அரை மணி நேரம், அதே ஆசிரியரே தொடர்ந்து சில மாதங்கள் உட்கார்ந்து படிக்க வைக்க வேண்டும். அதற்குரிய பாடங்களைச் சிறு பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன்மானம் உண்டு. எளிய மொழியில் அந்த வயதுக்குரிய விஷயம் இருக்க வேண்டும்.

திறன் வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது நல்லதில்லையா?

பின்லாந்து, பத்துப் பதினோரு வயதிலேயே பிள்ளைகளை இரண்டு பாதைகளாகப் பிரித்துக்கொண்டிருந்த நாடு. 1970களில் அதைக் கைவிட்டு எல்லோருக்கும் ஒரே ஒன்பதாண்டுப் பள்ளியைக் கொண்டுவந்தது; கணிதத்திலும் மொழிப்பாடங்களிலும் எஞ்சியிருந்த திறன்வாரிப் பிரிவுகளை 1985இல் நீக்கியது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிட 2000ஆம் ஆண்டு தொடங்கிய பீசா தேர்வின் முதல் சுற்றில் வாசிப்பில் முதலிடத்துக்கு வந்தது. 2006க்குப் பிறகு அதன் முடிவுகள் சரிந்து வருகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் பிரிக்காமல் கற்பித்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு அந்த நாடு நல்ல பதில். பிரித்துவிட்டால் கடைசிப் பிரிவுக்குப் பெரும்பாலும் அனுபவம் குறைந்த ஆசிரியரே போகிறார், அங்கிருந்து மேலே வரும் வழியும் அடைந்துபோகிறது என்பதே என் அனுபவம்.

சக மாணவர்களின் கேலியும் துன்புறுத்தலும் தரத்தோடு தொடர்புடையவையா?

நேரடியாகத் தொடர்புடையவை. பயந்துகொண்டிருக்கும் பிள்ளையால் கற்க முடியாது. துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்று கருதப்பட்ட மூன்று சிறுவர்கள் 1982இல் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, நார்வே அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. உளவியலாளர் டான் ஓல்வேயஸ் உருவாக்கிய திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. பெயர் எழுதாமல் மாணவர்கள் நிரப்பும் வினாத்தாள், இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, வகுப்பில் பேசி வகுத்துக்கொண்ட தெளிவான விதிகள், சம்பந்தப்பட்ட இரு தரப்புப் பெற்றோரோடும் உரையாடல் ஆகியவை அதன் அங்கங்கள். "எங்கள் பள்ளியில் அப்படி எதுவுமே இல்லை" என்று சொல்லும் பள்ளி பெரும்பாலும் கேட்டுப் பார்க்காத பள்ளி.

வீட்டுப்பாடம் எவ்வளவு இருக்க வேண்டும்?

திருத்திக் கொடுக்க முடிந்த அளவு.

வருகைப் பதிவு நன்றாகத்தானே இருக்கிறது, அதில் என்ன பார்ப்பது?

பள்ளியின் சராசரியைப் பார்க்காதீர்கள். தொண்ணூற்று மூன்று விழுக்காடு என்ற சராசரிக்குள், வாரம் ஒரு நாள் தவறாமல் விடுப்பெடுக்கும் முப்பது பிள்ளைகள் ஒளிந்திருக்கலாம். மொத்த வேலைநாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்களின் பட்டியலை மாதந்தோறும் எடுத்து, இரண்டாவது மாதத்திலேயே வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேச வேண்டும். கண்டிக்கப் போகக் கூடாது. காரணம் கேட்கப் போக வேண்டும்.

தலைமையாசிரியர் மாறினால் பள்ளி மாறிவிடுமா?

மாறலாம், இரண்டு திசையிலும். நான் ஐந்து தலைமையாசிரியர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் பள்ளியை உண்மையில் உயர்த்தியவர், நாளுக்கு இரண்டு வகுப்புகளில் போய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, மாலையில் அந்த ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசியவர். குற்றம் கண்டுபிடிக்க அவர் வரவில்லை என்று எங்களுக்குப் புரிய ஓராண்டு ஆனது. அவர் போன பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடாமல் தொடர்ந்தது. அதைத்தான் நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

ஆசிரியர்கள் மேம்பட எந்தப் பயிற்சி உதவும்?

ஆண்டுக்கு ஒருமுறை அரங்கில் உட்கார வைத்து நடத்தும் உரைகளால் வகுப்பறை மாறி நான் பார்த்ததில்லை. ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் இருக்கும் பாட ஆய்வு முறையைப் பாருங்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆசிரியரைக் கவனிக்காமல் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசித் திருத்துகிறார்கள். அந்தப் பாடம் குழுவின் பாடம் என்பதால், நடத்தியவரின் தன்மானத்துக்குக் காயம் நேர்வதில்லை. இதற்குத் தேவை வாரத்தில் ஒரு பொதுவான ஓய்வுப் பாடவேளை மட்டுமே. கால அட்டவணை போடுபவர் மனம் வைத்தால் நடக்கும்.

தரம் தாழ்ந்த பள்ளிகள் மீண்டதற்கு நம்பத்தகுந்த எடுத்துக்காட்டு உண்டா?

2003 முதல் 2011 வரை லண்டனில் நடந்த பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைச் சொல்லலாம். அதற்கு முன் இங்கிலாந்தின் சராசரியை விடப் பின்தங்கியிருந்த லண்டன் உயர்நிலைப் பள்ளிகள், அந்தக் காலத்தின் முடிவில் அந்தச் சராசரியைத் தாண்டின. அனுபவமிக்க ஆலோசகர்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நன்றாக நடக்கும் பள்ளியும் தடுமாறும் பள்ளியும் இணைக்கப்பட்டன. ஒரே மாதிரியான பின்னணி கொண்ட மாணவர்கள் படிக்கும் பள்ளிகளை ஒரு குழுவாக வைத்து ஒப்பிட்டார்கள். "எங்கள் பிள்ளைகளின் பின்னணி அப்படி" என்ற சாக்கு அதோடு அடிபட்டுப்போனது, ஏனென்றால் அதே பின்னணியோடு பக்கத்திலேயே நன்றாகச் செய்யும் பள்ளி கண்ணுக்குத் தெரிந்தது. முழுப் பெருமையும் அந்தத் திட்டத்துக்கே உரியதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் முன்பே ஏற்பட்ட முன்னேற்றத்தையும், மாணவர் தொகுதியில் வந்த மாற்றத்தையும் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். என்றாலும் பள்ளிகளை அவமானப்படுத்தாமல் ஒன்றோடொன்று இணைத்து உயர்த்தலாம் என்பதை அந்த எட்டு ஆண்டுகள் காட்டின.

அதே இங்கிலாந்தில், பள்ளிகளைப் பார்வையிட்டுச் சோதிக்கும் அதிகாரிகள் அரசுப் பள்ளிக்கு ஒட்டுமொத்தமாக ஒரே சொல்லில் தரம் சொல்லும் முறை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அறிவியல் நன்றாகவும் வாசிப்பு மோசமாகவும் இருக்கும் பள்ளியை ஒரே சொல்லால் எப்படி விளக்குவது?

எங்கள் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதப் போகிறது. அதில் என்ன இருக்க வேண்டும்?

குறைவாக இருக்க வேண்டும். நாற்பது இலக்குகள் கொண்ட திட்டத்தை அடுத்த மார்ச்சில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று குறைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "வாசிப்பை மேம்படுத்துதல்" என்று எழுதாமல், "முதலாண்டில் வாசிக்கத் திணறுவதாகக் கண்டறியப்பட்ட 22 மாணவர்களும் ஆண்டு இறுதிக்குள் தங்கள் வகுப்பு வரலாற்றுப் பாடத்தின் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்துச் சுருக்கம் சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். யார் செய்வார், வாரத்தில் எந்தப் பாடவேளையில், அதற்காக எந்த வேலை நிறுத்தப்படும் என்பதும் எழுதப்பட வேண்டும். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எதையும் குறைக்காமல் புதிய வேலையை மேலே ஏற்றினால், முதலில் சரிவது நோட்டுத் திருத்தம்தான். பலன் தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம், எந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

கணினி அறையும் திரைப் பலகையும் வாங்கினால் தரம் உயராதா?

அவற்றைக் கொண்டு எந்தப் பாடத்தின் எந்தப் பகுதியைச் சிறப்பாக நடத்தப் போகிறோம் என்று ஆசிரியர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். அதற்கு முன், ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணோக்கிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பெற்றோராக நான் ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும்?

"என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கவனம் தேவை" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், "இந்த மாதம் அவனுக்குப் புரியாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். முதல் முறை ஆசிரியர் திகைக்கலாம். அடுத்த முறை உங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவர் அந்த நோட்டைப் படித்திருப்பார். குறை சொல்வதற்காக மட்டும் பள்ளிக்குப் போகாதீர்கள். நன்றாகச் செய்த ஆசிரியரிடம் அதைக் குறிப்பாக எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அப்படி வந்த பாராட்டு மூன்றோ நான்கோதான், ஒவ்வொன்றும் இன்னும் நினைவில் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு திருப்தி இல்லை. பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பிள்ளை அங்கே பயத்தோடு இருந்து, சொல்லியும் பள்ளி அசையவில்லை என்றால் தாமதிக்காமல் மாற்றுங்கள். மற்றக் காரணங்களுக்கு, ஓராண்டு முயன்று பாருங்கள். பள்ளி மாறும் பிள்ளை நண்பர்களையும், தன்னை அறிந்த ஆசிரியர்களையும் இழந்து, பாடத்திலும் சில மாதங்கள் தடுமாறும். மாற்றுவதென்று முடிவு செய்தால் கல்வியாண்டின் நடுவில் வேண்டாம். இறுதித் தேர்வுக்கு முந்தைய ஆண்டிலும் வேண்டாம். முடிவெடுப்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பெற்றோரில் பாதிப் பேர் அதுவரை கேட்டிருக்கவில்லை.